எனக்கு அங்கை வோட்டு இல்லை

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. லண்டன் கவுன்சில் ஒன்றின் தேர்தல் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். யார் எப்படி வாக்களித்தார் என்று வெளியே சொல்லாதிருப்பது எனக்குச் சட்டமாகத் தொடங்கிப் பழக்கமாக முடிந்துவிட்டது. ஆனால் அக்கா எப்படி வாக்களித்தார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆகவே பெயரையாவது விட்டுவிடுகிறேன்.

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில், டிராம் தண்டவாளத்துக்குப் பின்புறம் உள்ள தேவாலய மண்டபத்தில் செவ்வாய்தோறும் எங்கள் மூத்தோர் சங்கம் கூடும். முதலில் தேவாரம். அடுத்து, நாற்காலியில் இருந்தபடி உடற்பயிற்சி. அதன்பின் செயலாளர் போன வாரக் கூட்டக் குறிப்பை வாசிப்பார். பிறகு 'பொது அறிவு, பத்து நிமிடம்'. பிறகு சோறு. செயலாளர் நான்தான். ஈப்போவிலிருந்து சட்டம் படிக்க வந்து, படிப்பை முடித்து, ஊர் திரும்ப மறந்தவன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்தார். அவர்களுக்கு நான் 'எலக்சன் ஐயா'. சங்கத்தின் பதினான்கு பக்க விதிமுறையை எழுதியவனும் நானே. அந்தப் பதினான்கு பக்கத்தையும் முழுதாக வாசித்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். மற்றவர் அக்கா.

'பொது அறிவு' யாருக்கும் வேண்டாத பத்து நிமிடம். சோற்று வாசனை வரத் தொடங்கிய பிறகு அறிவு எவனுக்கு வேண்டும்? சர்க்கரை நோயைப் பற்றி மருந்துக்கடைக்காரர் ஒருவர் பேசிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார். அக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேடைக்குப் போக மாட்டார். தன் நாற்காலியின் பின்னால் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தமிழ்க் கடையில் கொடுக்கும் தினக் காலண்டரின் கிழித்த தாள்கள்தான் அவருடைய குறிப்புப் புத்தகம். ஒரு பக்கம் ராகுகாலமும் நல்லநேரமும். மறுபக்கம் அமெரிக்க செனட்.

ஏன் அமெரிக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஐயா, பதினெட்டு வருசம் அமெரிக்கா போற பிளேனுக்குச் சாப்பாடு அடுக்கினனான். கோழியோ மரக்கறியோ எண்டு அந்தச் சனத்துக்கு நான்தான் தீர்மானிச்சது. அந்தளவு உரிமை கூட எனக்கு இல்லையோ?"

விமானச் சாப்பாட்டுக் கிடங்கில் வேலை பார்த்த கதையை அதற்கு மேல் சொன்னதில்லை. ஒவ்வொரு செவ்வாயும் ஒரே வாக்கியத்தில் தொடங்குவார்: "எனக்கு அங்கை வோட்டு இல்லை. ஆனபடியாத்தான் கதைக்கிறன்."

வோட்டு இருந்த இடத்தில் அதை அவர் வீணாக்கியவரல்ல. இந்த நாட்டுத் தேர்தல் நாள் எதுவானாலும் காலை ஏழு மணிக்குச் சாவடி திறக்கும்போது வாசலில் முதல் ஆள் அக்கா. சீலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர், முகத்தில் சண்டைக்குத் தயார்.

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்தது ஒரு புதன்கிழமை. நாங்கள் செவ்வாய்க்கிழமை கூடுகிறவர்கள். அக்காவுக்குத் தயாராக ஆறு நாள் கிடைத்தது. அமெரிக்காவுக்கு அது நல்லதாக அமையவில்லை.

"வெண்டவர் சொல்லுறார், சனம் முழுக்கத் தன்ர பக்கமாம்," என்று அக்கா தாளைத் திருப்பினார். "சனம் முழுக்க ஒராளின்ர பக்கம் நிண்டதை நான் ஊரிலை பாத்தனான். அண்டைக்கு வீட்டிலை கிடந்த ஆக்களையும் சேத்து எண்ணினவங்கள். செத்த ஆக்களையும் விடேல்லை. முழுச்சனமும் எண்டு ஒருத்தன் சொன்னால் முதல்ல சுடலைக்குப் போய்ப் பாக்கோணும்."

சிரிப்பு எழுந்தது. அக்கா காத்திருக்கவில்லை.

"தோத்தவை சொல்லினம், சனத்துக்கு விளங்கேல்லையாம். விளங்காத சனத்திட்டைத்தானே போனமுறை வோட்டு வாங்கி வெண்டனீங்கள்? அப்ப விளங்கினது, இப்ப விளங்கேல்லையோ? முட்டை விலைக்காக வோட்டைப் போட்டிட்டாங்கள் எண்டு படிச்ச ஆக்கள் நக்கல் அடிக்கினம். முட்டை விலை ஆருக்குத் தெரியும்? முட்டை வாங்கிறவனுக்குத் தெரியும். பேப்பரிலை எழுதுறவனுக்கு ஆரோ பொரிச்சுக் குடுக்கினம்."

இரண்டு பக்கத்துக்கும் அடி விழுந்ததால் அதுவரை மண்டபம் அமைதியாகவே இருந்தது. அடுத்த தாளில்தான் வந்தது வினை. ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களைப் பிடித்து அனுப்பப் போவதாக வென்றவர் சொன்னதை அக்கா எடுத்தார். சங்கத் தலைவர் முன்வரிசையிலிருந்து திரும்பினார். இரண்டு பெட்ரோல் நிலையங்களை நடத்தி விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவர். வென்றவரும் ஒரு பிசினஸ்காரர் என்பதால் அவருக்கு உறவு முறை போல ஒரு பாசம்.

"களவா வந்தவனை அனுப்பத்தானே அக்கா வேணும்? சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

"தம்பி, நீர் ஹீத்ரோவிலை எந்தப் பேரிலை வந்திறங்கினனீர்?"

தலைவரின் கழுத்து சிவந்தது. "அது வேற."

"எது வேற?"

"எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை."

"அவனுக்கு என்ன, மயிர்ப் பிரச்சினையோ?"

சமையலறைக் கதவருகே கரண்டியோடு நின்ற பெண்மணிதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தலைவர் மன்னிக்கவே இல்லை. மண்டபத்தில் பாதிப் பேர் சிரிக்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். அவர்களில் பலர் வேறொருவர் பெயரில் வந்திறங்கியவர்கள். கதவு தனக்குப் பின்னால் சாத்தப்பட வேண்டும் என்று நினைப்பதில் இந்த நகரத்து மனிதருக்குள் பேதமே கிடையாது. அமெரிக்காவில் அதை ஒருவர் மேடையில் நின்று சொன்னார். மிச்சத்தில் சோற்றுக்கு வரிசையில் நின்று சொல்கிறோம். வேறுபாடு அவ்வளவுதான்.

அன்று சாப்பிடும்போது அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, தோத்தவர் நான் தோத்திட்டன் எண்டு சொல்லாட்டி உங்கட சட்டத்திலை என்ன தண்டனை?"

அது என் துறை. வேட்புமனுவுக்குப் படிவம் உண்டு. அதை மீளப் பெறப் படிவம் உண்டு. முகவரை நியமிக்க, மறு எண்ணிக்கை கேட்க, முறைப்பாடு செய்ய, எல்லாவற்றுக்கும் வழி உண்டு. தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள மட்டும் எந்த நாட்டிலும் நான் படிவம் பார்த்ததில்லை. அமெரிக்கர்கள் இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு பெரிய கட்டடத்தைக் கட்டி, அதன் முழுப் பாரத்தையும் எழுதப்படாத ஒரு மரியாதையின் தலையில் வைத்திருந்தார்கள். போன தேர்தலில் தோற்ற ஒருவர் அதைச் செய்ய மாட்டேன் என்றதும் கட்டடம் ஆடியது. இந்த முறை அவரே வென்றார். தேர்தல் நியாயமாக நடந்தது என்றார். தான் தோற்றால் மட்டும் கணக்குப் பிழை. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன்.

"அதுக்குப் படிவம் வராது ஐயா," என்றார், அப்பளத்தை உடைத்தபடி. "அது வளர்ப்பிலை வாறது."

அப்புறம்தான் தன் வோட்டின் கதையைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு தேர்தல் நாள். காலையிலேயே நல்ல சீலை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்தார். உங்களுடைய வோட்டைப் போட்டாயிற்று என்றார். அக்கா மை படாத விரலைக் காட்டினார். அவர் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்டும் கதைக்காமல் திரும்பி வந்திட்டன். அதுவும் அந்தச் சீலையோடை."

"அக்கா, அதுக்கு ஒரு தாள் இருக்கே," என்றேன். "நம்ம வாக்கை வேற யாராவது போட்டிருந்தா, வேற நிறத்துல ஒரு தாள் கேட்டு வாங்கலாம். எங்க ஆபீசுல ரோஸ் கலர். வெள்ளைக்காரன் எழுதின சட்டம், அங்கேயும் இருந்திருக்கும்."

அக்கா சாப்பிடுவதை நிறுத்தினார். "அதை எண்ணுவினமோ?"

"எண்ண மாட்டாங்க."

"பிறகென்னத்துக்கு?"

"உறையில போட்டு, சீல் வெச்சு, பத்திரமா வெப்பாங்க. யாராவது வழக்குப் போட்டா நீதிபதி பாக்கலாம்."

"வழக்குப் போடாட்டி?"

"ஒரு வருசம் கழிச்சு அழிச்சிடுவாங்க."

"எண்ணாத வோட்டுக்கு இவ்வளவு மரியாதையோ?" என்று அக்கா கேட்டார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. "அந்த மரியாதை இருக்கெண்டு அண்டைக்கு ஒருதரும் எனக்குச் சொல்லேல்லையே ஐயா."

தை பிறந்ததும் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: 'சங்க நிகழ்ச்சிகளில் வெளிநாட்டு அரசியல் பேசப்படலாகாது.' நிறைவேறினால் அக்காவின் பத்து நிமிடம் போய்விடும். அந்த வயதில், மகளும் வேலைக்குப் போய்விடும் வீட்டில், அவரோடு பேச வேறு ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும்.

அறிவித்தல் கொடுத்த அன்றே அக்கா எழுந்தார். "எது வெளிநாடு எண்டு முதல்ல எழுதுங்கோ."

"அமெரிக்கா," என்றார் தலைவர்.

"யாழ்ப்பாணம்?"

"அது எங்கட நாடு."

"உம்மட பாஸ்போட் அப்பிடிச் சொல்லுதோ?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எலக்சன் ஐயாவுக்கு மலேசியா வெளிநாடோ, உள்நாடோ?"

"எனக்குச் சில நாள் மிச்சமே வெளிநாடுதான் அக்கா," என்றேன். செயலாளர் நடுநிலை வகிக்க வேண்டும் என்று தலைவர் எனக்கு நினைவூட்டினார். விதி நான்கு. நான் எழுதியது.

விசேட பொதுக்கூட்டத்துக்கு அவர் ஒரு செவ்வாயைக் குறித்தார். அன்று காலை அக்காவுக்கு மருத்துவமனையில் கண் பரிசோதனை. புரை எடுத்து சில வாரம்தான் ஆகியிருந்தது. இருபத்தொரு நாள் அறிவித்தல் சரியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒழுங்கு முறைப்படி அயோக்கியத்தனம் செய்வது எப்படி என்று என் விதிமுறையைப் பார்த்தே ஒருவர் கற்றுக்கொள்ளலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தன்று தலைவர் என் மேசையில் பதினொரு படிவங்களை வைத்தார். வர முடியாதவர்கள் தங்கள் வாக்கை இன்னொருவர் போட அனுமதிக்கும் படிவம். பதினொன்றும் அவர் பெயருக்கு. ஒருவர் எத்தனை படிவம் வைத்திருக்கலாம் என்று நான் எல்லை வைக்கவில்லை. படிவத்தின் தலைப்பு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அதையும் நான்தான் அச்சடித்தேன். ஒன்பதாவது படிவத்தில் அக்காவின் கையெழுத்து இருந்தது.

எப்படி என்று எனக்கு உடனே புரிந்தது. எங்கள் சங்கத்தில் சோற்றோடு ஒரு தாள் வரும். அடுத்த வாரம் யாருக்குச் சாப்பாடு வேண்டும் என்று கையெழுத்து வைக்கும் தாள். வலது கையில் குழம்பு, இடது கையில் பேனா. அந்தத் தாளோடு இந்தப் படிவத்தையும் தலைவர் சுற்றுக்கு விட்டிருக்கிறார். முப்பது வருடம் எந்தக் கவுண்டரிலும் எந்தத் தாளையும் நம்பாத எங்கள் சனம், சோற்றோடு வந்த தாளை மட்டும் வாசிப்பதில்லை. புரை எடுத்த வாரத்தில் அக்காவும் வாசிக்கவில்லை. வாசிக்க ஏலாது.

வராதவர்களின் வாக்கை முதலில் போட வேண்டும் என்பது விதி பதினேழு. பிறகு குழப்பம் வேண்டாம் என்பதற்காக எழுதினேன். தலைவர் பதினொரு தாளையும் பெட்டியில் போட்டார். கடைசித் தாள் விழுந்து இரண்டு நிமிடம் இருக்காது, கதவு திறந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு அக்கா. டிராமிலிருந்து ஓடி வந்திருக்கிறார். எழுபத்து நான்கு வயது.

"தாளைத் தாங்கோ ஐயா."

நான் பட்டியலைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஏன் தலை நிமிரவில்லை என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது.

"அக்கா, உங்க வாக்கைப் போட்டாச்சு."

படிவத்தைக் காட்டினேன். அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது சோத்துத் தாள் எண்டெல்லோ நினைச்சனான்."

"அக்கா, கையெழுத்து உங்கடதானே?" என்றார் தலைவர், மிகவும் பணிவாக.

"ஓம். என்ர." படிவத்தைத் திருப்பித் தந்தார். "ஐயா, இந்தமுறை நான் சும்மா திரும்பிப் போக மாட்டன். அந்த ரோஸ் தாளைத் தாங்கோ."

"எங்கட விதியிலை அப்பிடி ஒரு தாளே இல்லை," என்றார் தலைவர். உண்மை. பதினான்கு பக்கத்தில் அது இல்லை. ஆனால் விதியில் சொல்லப்படாத விஷயத்தில் வாக்கெடுப்பு அலுவலரின் முடிவே இறுதியானது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அன்று வாக்கெடுப்பு அலுவலர் நான். பொங்கல் விழா அழைப்பிதழ் அடித்ததில் மீந்த ரோஸ் தாள் அலமாரியில் கிடந்தது. ஒன்றை எடுத்து, பின்புறத்தில் தீர்மானத்தை எழுதி, இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

திரைக்குப் பின்னால் போங்கள் என்றேன். மறுத்துவிட்டார். என் மேசையிலேயே, எல்லோரும் பார்க்க, 'எதிர்' என்ற கட்டத்தில் தாள் கிழிய அழுத்தி ஒரு புள்ளடி. நான் அதை உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வைத்தேன். அக்காவும் வைத்தார், இந்த முறை வாசித்துவிட்டு.

கதைகளில் இப்படிப்பட்ட தேர்தல் ஒரே வாக்கில் முடியும். இது பத்தொன்பதுக்குப் பதினான்கில் முடிந்தது. ரோஸ் தாளை எண்ணியிருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். சோற்றுத் தாளில் கையெழுத்து வைத்த மற்றப் பத்துப் பேரும் அன்று வரவே இல்லை. வந்திருந்தாலும் சாப்பாடு எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டிருப்பார்கள்.

முடிவை அறிவித்ததும் தலைவர் கைதட்டலுக்காக எழுந்தார். அதற்கு முன் அக்கா எழுந்துவிட்டார். நாற்காலியின் பின்னால் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்கோ. நான் தோத்திட்டன். எண்ணினது சரி. பெட்டியிலை பிழை இல்லை, ஐயாவிலையும் பிழை இல்லை. கையெழுத்து என்ர, பிழையும் என்ர." மூடாத கண்ணால் முன்வரிசையைப் பார்த்தார். "தோத்தவை சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன். ஆனால் வாயை மூடுறன் எண்டு நான் ஒருதருக்கும் கையெழுத்து வைக்கேல்லை."

என்னில் பிழை இல்லை என்று அவர் சொன்னது மட்டும் தவறு. ஓட்டைகள் எல்லாம் என்னுடையவை. ஆனால் ஓட்டை போட்டவனுக்குத்தான் எந்த ஓட்டை எங்கே போகிறது என்பதும் தெரியும். அன்று பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் விதி இருபத்திரண்டைச் சொன்னேன். தோற்ற தரப்பிலுள்ள எந்த உறுப்பினரும் தன் மறுப்பை எழுத்தில் தரலாம். அது கூட்டக் குறிப்பின் பகுதியாகும். கூட்டக் குறிப்பு ஒவ்வொரு வாரமும் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும். வாசிக்கும்போது குறுக்கிடக் கூடாது.

"எவ்வளவு நீளத்துக்கு எழுதலாம் ஐயா?"

"நீளத்துக்கும் எல்லை வெக்கல அக்கா."

அக்கா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த செவ்வாய் பதினாறு காலண்டர் தாள்கள் வந்தன. அந்தக் கூட்டக் குறிப்பு வாசிக்க இருபது நிமிடம் எடுத்தது. அமெரிக்காவின் புதிய உத்தரவுகள், வரிகள், தோற்ற கட்சியின் தூக்கம், எல்லாம் அதில் இருந்தன. தலைவர் இரண்டுமுறை எழுந்தார். இரண்டுமுறையும் விதியைக் காட்டினேன். என் ஈப்போ நாக்கில் அக்காவின் தமிழ் படாத பாடு பட்டது. "அங்கே இல்லை ஐயா, அங்கை," என்று பின்வரிசையிலிருந்து திருத்துவார். குறுக்கிடக் கூடாது என்ற விதி அவருக்கும் பொருந்தும் என்றேன். மன்னிப்புக் கேட்டார். பேசத் தடை வருவதற்கு முன் பத்து நிமிடம் காது கொடுத்தவர்கள், தடை வந்த பிறகு இருபது நிமிடமும் கேட்டார்கள். சோறு ஆறியது. மறுப்பின் தொடர்ச்சி என்று வாரம் தவறாமல் புதிய தாள்கள் வந்தன.

அந்த ஐப்பசியில் அக்கா நிமோனியாவில் போய்விட்டார். மூன்று நாள்தான் படுத்தார். தலைமாட்டு மேசையில் இருந்த தாள்களை மகள் என்னிடம் கொடுத்தார். ராகுகாலம், நல்லநேரம், செனட்.

இந்த மாசியோடு வாக்கெடுப்பு நடந்து ஒரு வருடம் ஆயிற்று. தாள்களை அழிக்க வேண்டும். இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும். தலைவரும் நானும் சமையலறையில் தாள் துண்டாக்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தோம். வெள்ளைத் தாள் முப்பத்து மூன்றும் துண்டாகின. உறை மட்டும் மேசையில் இருந்தது.

"அதையும் போடுங்கோ ஐயா. விதி இருக்கெல்லோ?"

"இருக்கு," என்றேன். உறையை எடுத்துக் கோட்டின் உள்பையில் வைத்தேன். "முறைப்பாட்டுக்கும் படிவம் இருக்கு. வேணுமா?"

வேண்டாம் என்றார். மண்டபத்துக்கு வந்தோம். கூட்டக் குறிப்பு வாசிக்கும் நேரம். நான் காலண்டர் தாள்களை எடுப்பதைப் பார்த்து அவர் பொறுமை இழந்தார்.

"அக்காதான் இப்ப இல்லையே ஐயா. இன்னும் எத்தினை நாளைக்கு இதை வாசிக்கப் போறியள்?"

விதி இருபத்திரண்டின் கடைசி வரியை அவருக்குச் சொன்னேன். மறுப்பை அதை எழுதியவர் மட்டுமே மீளப் பெறலாம். அதுவரை ஒவ்வொரு வாரமும் வாசிக்க வேண்டும்.

"அக்கா வந்து, வேணாம்னு எழுத்துல குடுக்குற வரைக்கும் தலைவரே."

அவர் உட்கார்ந்தார். நான் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, முதல் தாளை ராகுகாலப் பக்கத்திலிருந்து திருப்பினேன்.